உலாவ வந்தோரும் வாசிக்க வந்தோரும்: வியன்னா அரசவை நூலக மண்டபம் பற்றி ஒரு நோக்கு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, ஹப்ஸ்பேர்க் பேரரசனான ஆறாம் கார்ள் வியன்னா நகரில் தன் அரண்மனையை ஒட்டி ஒரு நூலக மண்டபத்தை எழுப்பினான். அதனைப் பயன்படுத்த வருவோர்க்கென அக்காலத்தில் வகுக்கப்பெற்ற விதி சுவையானது. வருபவர் பணம் எதுவும் செலுத்தவேண்டியதில்லை. அறிவிலே செல்வம் பெற்றவராய்த் திரும்பவேண்டும். அடிக்கடி வரவும் வேண்டும். மன்னராட்சிக் காலத்து விதியொன்று இத்துணைத் தாராளமாய் அமைந்திருத்தல் வியப்பை ஊட்டுவதே. ஆனால் அவ்விதிக்கு ஒரு வாலும் உண்டு. அறிவிலிகள், ஏவலாளர், சோம்பேறிகள், வாயாடிகள், சும்மா உலாவ வருவோர் ஆகியோர் அங்கு வருதல் கூடாது என்பதே அது.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், அதே மண்டபத்தின் வாயிலிலே நுழைவுச்சீட்டுக்குப் பணம் செலுத்தி நான் உள்ளே சென்றேன். என்னுடன் சென்றோர் பல நாட்டவர். ஒருவரேனும் நூல் ஒன்றைத் தேடி வந்தவரல்லர். விதியின் வாலிலே ஐந்தாவதாக வைக்கப்பட்டவர் யாரோ, அவரே நாங்கள் அனைவரும். இலவசமாக வாசிக்க வந்தோர்க்குத் திறக்கப்பட்டு, உலாவ வந்தோர்க்கு மறுக்கப்பட்ட கதவு, இப்பொழுது உலாவ வந்தோர்க்குக் கட்டணத்துடன் திறந்து கிடக்கின்றது. இத்தலைகீழ் மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அது வெறும் நகைமுரண்தானா, அன்றி நூலகம் என்ற நிறுவனத்தின் இயல்பையே நமக்குக் காட்டுவதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பயணக் கட்டுரை எழுதுவது எனது எண்ணமன்று. கட்டடம் ஒன்றினையும் இலக்கியப் பிரதியைப்போல விமர்சன நோக்கில் வாசிக்கலாம் என்ற நம்பிக்கையிலேயே இதனை எழுதுகின்றேன்.

மண்டபத்தின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடலாம். யோஹான் பேர்ண்ஹார்ட் பிஷர் வொன் ஏர்லாக் என்னும் கட்டடக் கலைஞர் இதற்குத் திட்டம் வகுத்தார். 1723இல் அவர் இறந்தபின் மகன் யோசெப் இமானுவல் பணியை நிறைவேற்றினார். கட்டடம் 1726 அளவில் எழுந்து முடிந்தது. கூரையின் உட்புற ஓவியங்களை டானியல் கிரான் தீட்டினார். அவை 1730இல் நிறைவெய்தின. ஏறத்தாழ 80 மீற்றர் நீளமும் 20 மீற்றர் உயரமும் உடைய இம்மண்டபத்திலே 1501 முதல் 1850 வரையான காலத்தைச் சேர்ந்த ஏறக்குறைய 200,000 நூல்கள் உள்ளன. பேரரசு வீழ்ந்தபின், 1920இல் ‘அரசவை நூலகம்’ என்ற பெயர் ‘தேசிய நூலகம்’ என மாறிற்று. 1945இல் அதனோடு ‘ஒஸ்திரிய’ என்ற அடை சேர்ந்தது. மன்னனின் உடைமை மக்களின் உடைமையாயிற்று என இப்பெயர் மாற்றத்தைப் பொருள் கொள்வது எளிது. ஆனால் பெயர்கள் மாறுகின்ற வேகத்திலே உறவுகள் மாறுவதில்லை.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணிற்படுவது நூலன்று. நடுவிலே, நீள்வட்டமாய் விரியும் குவிமாடத்தின் கீழே, ஆறாம் கார்ளின் பளிங்குச் சிலை நிற்கின்றது. அவனைச் சூழ அவன் குலத்து முன்னோர் ஆங்காங்கே பளிங்கிலே நிற்கின்றனர். மேலே நோக்கினால் குவிமாடத்திலும் அவனுடைய புகழே ஓவியமாய் விரிந்துள்ளது. மண்டபத்தின் ஒரு சிறகின் ஓவியங்கள் போரையும் மற்றைச் சிறகின் ஓவியங்கள் அமைதியையும் குறிப்பன. நூல்கள் இவற்றுக்கெல்லாம் பின்னணியாக, சுவரின் இடத்திலே அடுக்கப்பட்டுள்ளன. சற்று நேரம் நின்று நோக்கினால் இவ்வமைப்பின் வாதம் தெளிவாகும். போரை வெல்பவனும் அமைதியைத் தருபவனும் கலைகளைப் புரப்பவனும் ஒருவனே. அறிவு அனைத்தும் அவனது முதுகுக்குப் பின்னே ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றது. இங்கே ஒவ்வொரு தூணும் இவ்வாதத்தின் ஒரு சொல். ஐரோப்பிய முடியாட்சி தன் உச்சத்திலே எழுதிக்கொண்ட புகழுரை இது எனலாம். புலவர்கள் செய்யுளில் செய்ததைக் கொத்தர்களும் தச்சர்களும் கல்லிலும் மரத்திலும் செய்தனர். நமது மெய்க்கீர்த்தி மரபை அறிந்தவர்க்கு இது புதியதாகத் தோன்றாது.

ஆகவே, ‘வாசிப்பதற்காகக் கட்டப்பெற்ற மண்டபம் இன்று காட்சிப்பொருளாகிவிட்டது’ என்று கவலைப்படுவோர் ஓர் உண்மையைத் தவறவிடுகின்றனர். இம்மண்டபம் தொடக்கத்திலிருந்தே காட்சிப்பொருள்தான். அதன் பெயரே அதற்குச் சான்று. ‘பிறங்க்சால்’ என்று அவர்கள் வழங்குவதை ‘ஆடம்பர மண்டபம்’ என்று நாம் தமிழாக்கலாம். அக்காலத்திலும் இதனைப் பார்த்து மலைத்து நிற்கவேண்டியவர்கள் இருந்தனர்: வெளிநாட்டுத் தூதுவர், விருந்தினர், பிரபுக்கள். உல்லாசப் பயணி அவர்களது வாரிசு. அன்று மலைப்பின் பயன் மன்னனுக்குச் சென்றது. இன்று அது நகரத்தின் சுற்றுலா வருவாய்க் கணக்கிலே சேர்கின்றது. முதுகெலும்பு மாறவில்லை, உடைதான் மாறிற்று.

‘முதுகு’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே இங்கு ஆள்கின்றேன். உல்லாசப் பயணி காண்பது நூல்களின் முதுகை மாத்திரமே. நூற்றுக்கணக்கான தட்டுகளில், தோலாற் கட்டிய முதுகுகள், அவற்றிலே பொன்னெழுத்துக்கள், எண்கள். குவிமாடத்தின் கீழேயுள்ள பகுதியில் நிறங்கள் கண்ணைக் கவர்கின்றன. அவை சவோய் இளவரசர் இயூஜினுடைய நூல்கள், ஏறத்தாழ 15,000. துருக்கியரை 1697இல் சென்றாவிலும் 1717இல் பெல்கிறேட்டிலும் முறியடித்த தளபதி இவர். போர்க்களத்தில் ஈட்டிய பெருஞ் செல்வத்தை மாளிகைகளிலும் ஓவியங்களிலும் நூல்களிலும் செலவிட்டார். வரலாறும் இலக்கியமும் செந்நிறத் தோலிலும், இறையியலும் சட்டமும் நீலத்திலும், இயற்கை விஞ்ஞானம் மஞ்சளிலும் கட்டப்பட்டன. அவர் மணம் செய்யாது இறந்தார். உரிமை பெற்ற மருமகள் இந்நூல்களை 1738இல் பேரரசனுக்கு விற்றாள். விலை, அவள் உயிரோடிருக்கும் வரை ஆண்டுதோறும் வழங்கப்படும் ஒரு தொகை. ஒரு தளபதியின் அறிவார்வமும் ஒரு பெண்ணின் ஓய்வூதியமும் சேர்ந்து இக்குவிமாடத்தின் நிறங்களாயின என்பது எந்த ஓவியத்திலும் தீட்டப்படவில்லை.

இந்நிறங்களைப் பற்றி ஒரு சொல். நிறத்தால் துறையைப் பிரித்தல் வாசகனுக்கு உதவியே. தொலைவிலிருந்தே இது வரலாறு, இது சட்டம் என அறியலாம். ஆனால் அந்நிறத்தின் பொருளை அறியாதவனுக்கு அது வெறும் அழகு. இதுவே உல்லாசப் பயணியின் நிலைமை. அவனுக்கு எதிரே இருப்பது ஒரு மொழி. அவனோ அதனை அலங்காரமாகக் காண்கின்றான். எனக்கருகே நின்ற கூட்டமொன்றுக்கு வழிகாட்டி ஒருவர் மண்டபத்தின் நீளத்தையும் உயரத்தையும் நூல்களின் தொகையையும் சொன்னார். ஒருவர் எந்த நூல் மிகவும் விலைமதிப்புடையது என்று கேட்டார். எவரும், நான் உட்பட, அவற்றில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்கவில்லை. நடுவிலே வைக்கப்பட்டிருந்த வெனிசு நகரத்துக் கொறனெல்லியின் பெரிய பூகோளங்களிலொன்றில் இலங்கைத் தீவு எவ்வாறு வரையப்பட்டிருக்கிறது என்று பார்க்க நான் முயன்றேன். கயிற்றுக்கு அப்பாலிருந்து எழுத்துக்களை வாசிக்கக் கூடவில்லை. உலகத்தையே உருட்டிப் பார்ப்பதற்கெனச் செய்யப்பட்ட பொருள், உருளாது நின்றது.

இவ்விடத்து ஒரு நாவலை நினைவுகூர்தல் பொருந்தும். ஒஸ்திரிய எழுத்தாளர் றொபேட் மூசில் எழுதிய ‘குணங்களற்ற மனிதன்’ என்னும் பெருநாவலின் முதற்பாகம் 1930இல் வெளிவந்தது. கதை நிகழும் காலம் 1913. அதன் நூறாவது அத்தியாயத்திலே ஸ்ரும் என்னும் படைத் தளபதி நூலகத்துக்குள் நுழைகின்றான். அத்தியாயத் தலைப்பு அதனை அரச நூலகம் என்கிறது. வியன்னாவின் இந்நூலகமே அது என்பதில் ஐயமில்லை. பேரரசனின் எழுபதாம் ஆட்சியாண்டு விழாவுக்கென உலகின் மிகச் சிறந்த கருத்து ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தான் மதிக்கும் ஒரு சீமாட்டியின் காலடியில் வைப்பது அவனது எண்ணம். படைக்குரிய நேர்மையோடு அவன் இதில் இறங்குகின்றான். நாளொன்றுக்கு ஒரு நூல் வீதம் வாசித்தால் ஒருநாள் முடியுமல்லவா என்பது அவன் கணக்கு. நூலகத்தில் முப்பத்தைந்து இலட்சம் நூல்கள் இருப்பதாக நூலகர் கூறுகிறார். தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்க்கிறான். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டு வேண்டும்.

இக்காட்சியைப் பலர் நகைச்சுவையாகவே வாசிக்கின்றனர். நகைச்சுவைதான், ஆயினும் அதற்குள்ளே ஒரு கூரிய விமர்சனம் உள்ளது. தளபதி ஓர் உல்லாசப் பயணியே. அணிவகுப்பைப் பார்வையிடுபவனைப்போல நூல் வரிசைகளைக் கடந்து நடக்கின்றான், எண்ணிக்கையைக் கேட்கின்றான், மிகச் சிறந்தது எது என்று கேட்கின்றான். ஆனால் அவனை எள்ளி நகையாடிவிட்டு மூசில் அமைந்துவிடவில்லை. அவனுக்கு எதிரே நூலகரை நிறுத்துகிறார். இத்தனை நூல்களையும் நீங்கள் எவ்வாறு அறிந்துவைத்திருக்கிறீர்கள் என்று தளபதி வினவ, நூலகர் தமது தொழிலின் இரகசியத்தை வெளியிடுகிறார்: அவற்றில் ஒன்றையேனும் அவர் வாசிப்பதில்லை. தலைப்பையும் பொருளடக்கத்தையும் தாண்டிச் செல்பவன் நூலகனாயிருக்க இயலாது என்பது அவர் கொள்கை. ஆக, முதுகை மட்டும் பார்ப்பவன் வெளியிலிருந்து வந்த தளபதி மாத்திரமல்லன். உள்ளேயிருந்து காப்பவனும் அவ்வாறே. இருவருக்கும் இடையே வேறுபாடு, ஒருவனிடம் பட்டியல் இருக்கிறது என்பதே.

மூசில் இதனை வெளியாளாக எழுதவில்லை. அவர் 1911 முதல் 1914 வரை வியன்னாவின் தொழில்நுட்ப உயர்கல்விக்கூடத்தில் நூலகராகப் பணியாற்றியவர். பட்டியலின் மகிமையையும் அதன் வெறுமையையும் தம் மேசையிலிருந்தே அறிந்தவர். பட்டியலைப் பற்றிப் பேசும்பொழுது இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இந்த அரசவை நூலகத்திலேதான், கொற்ஃபிரீட் வன் ஸ்வீற்றன் பொறுப்பிலிருந்த காலத்தில், 1780இல் நூல்களுக்குத் தனித்தனித் தாள்துண்டுகள் எழுதிப் பெட்டிகளில் அடுக்கும் முறை பேரளவிலே கையாளப்பெற்றது. அட்டைப் பட்டியலின் முன்னோடி அது. நமது பல்கலைக்கழக நூலகங்களில் இழுப்பறைகளை இழுத்து அட்டைகளைப் புரட்டிய தலைமுறையினர் அம்முறையின் கொள்ளுப்பேரர்கள். இம்மண்டபத்தின் தங்கமுலாம் எனக்குத் தரவில்லை. அந்தத் தாள்துண்டுகள் தந்தன, ஓர் உறவுணர்வை. (இதே வன் ஸ்வீற்றன்தான் ஹைடனின் ‘படைப்பு’ இசைநாடகத்துக்குச் சொல்லமைத்தவர், மொஸார்ட்டுக்குப் பாஹ், ஹண்டெல் ஆகியோரின் இசையை அறிமுகஞ் செய்தவரும் அவரே. நூலகர்கள் எல்லோரும் வாசிக்காதவர்களல்லர் என்பதற்கு இது போதும்.)

மூசிலின் அத்தியாயத்திலே எனக்கு மிக முக்கியமாய்ப் படுவது அதன் இறுதிப் பகுதி. நூலகர் போனபின் கையறுநிலையில் நிற்கும் தளபதிக்கு உதவ வருபவன், நூலகத்தின் ஏவலாளனாகிய ஒரு கிழவன். யார் எதனைக் கேட்டு வாங்கி வாசிக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஆண்டாண்டுகளாக நூல்களைச் சுமந்து கொடுத்துச் சுமந்து வைத்தவன் அவன். தளபதி மதிக்கும் சீமாட்டி வாசிக்கும் நூல்கள் எவை என்பதும் அவன் வழியாகவே தெரியவருகின்றது. ஆறாம் கார்ள் காலத்து விதியை இங்கு மீட்டும் நோக்குவோம். வரக்கூடாதவர் பட்டியலிலே ஏவலாளர் இரண்டாவது. மூசிலின் நூலகத்திலோ, நூல்களுக்கும் மனிதருக்குமுள்ள உறவை அறிந்த ஒரே ஆள் அந்த ஏவலாளன்தான். மூசில் அவ்விதியை நினைத்து இதனை எழுதினார் என்று நான் வாதிக்கவில்லை. ஆனால் எழுத்தாளன் தன் காலத்து நிறுவனமொன்றை உண்மையாகக் காணும்பொழுது, அந்நிறுவனம் தன் வாயிலில் நிறுத்திவைத்தவன் எவ்வாறோ கதைக்குள் வந்துவிடுகிறான். யதார்த்தத்தின் வலிமை அது. கருத்துநிலையிலே பிரபு வர்க்கத்தின் பண்பாட்டோடு பிணைந்திருந்த மூசிலைக்கூட அது விட்டுவைக்கவில்லை.

வாசகனின் கை நூலிலே எவ்வாறு பதிகின்றது என்பதற்கு இந்நூலகத்திலேயே மிகச் சிறந்த சான்று ஒன்று உண்டு. ஆனால் அது மண்டபத்திலே உலாவுவோர் பார்வைக்கு அகப்படுவதன்று. டயஸ்கோரிடிஸ் என்னும் கிரேக்க மருத்துவரின் மூலிகை நூலை, ஏறத்தாழ 512ஆம் ஆண்டிலே, அனீசியா யூலியானா என்னும் அரசகுலப் பெண்ணுக்காகக் கொன்ஸ்தாந்தினோப்பிளில் ஓவியங்களுடன் படியெடுத்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நூல் அந்நகரிலேயே மருத்துவர் கைகளிற் பழகிற்று. ஒஸ்மானியர் ஆட்சி வந்தபின்னும் அது வழக்கொழியவில்லை. செடிகளின் படங்களுக்கு அருகே அரபிலும் எபிரேயத்திலும் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அக்கால ஒஸ்திரியத் தூதுவர் புஸ்பெக் அதனைக் கண்டபோது, அது சுல்தானின் மருத்துவராயிருந்த யூதர் ஒருவரின் மகனிடம் இருந்தது. 1569இல் அது பேரரசன் இரண்டாம் மக்ஸிமிலியனுக்காக வாங்கப்பெற்று வியன்னா சேர்ந்தது. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலே இடம்பெற்றது.

அந்நூலின் ஓரக்குறிப்புகளை எண்ணிப் பார்க்கும்பொழுது ஒரு கேள்வி எழுகின்றது. கிரேக்கனும் அரபும் யூதனும் ஒரே செடியின் பக்கத்திலே தத்தம் மொழியில் பெயரெழுதிய காலம் எங்கே, அது வியன்னா வந்தபின்னர் எவரும் எழுதத் துணியாத காலம் எங்கே? பாதுகாப்பு என்பது நூலின் உடலைக் காக்கின்றது. அது தேவையே, எழுதத் துணிந்தவன் கையை நானும் தடுப்பேன். ஆனாலும் அந்நூலின் வாழ்க்கை ஏதோவொரு பொருளில் 1569இல் நின்றுவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அதன்பின் அதற்கு ஆய்வாளர் உண்டு. நோயாளிக்கு மருந்து தேடிப் புரட்டுபவர் இல்லை.

இதுவரை கூறியவை பெரும்பாலும் மன்னராட்சியின் கணக்கு. இருபதாம் நூற்றாண்டின் கணக்கு அதனினும் கடுமையானது. 1938ஆம் ஆண்டு மார்ச் 12ஆந் திகதி ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவுக்குள் நுழைந்தன. மூன்று நாட்களின் பின், அரண்மனையின் புதிய பகுதியின் மேன்மாடத்திலிருந்து, வீரர் சதுக்கத்திலே திரண்ட பெருங்கூட்டத்துக்கு ஹிட்லர் உரையாற்றினான். நூலகத்தின் தலைவராயிருந்த யோசெப் பிக் பதவி நீக்கப்பட்டுச் சிறைப்பட்டு, டக்காவ் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவரிடத்தில் அமர்ந்த பவுல் ஹைகல் நாற்சிக் கட்சிக்காரர். யூதர்களிடமிருந்தும் அரசியல் எதிரிகளிடமிருந்தும் பறிக்கப்பட்ட நூல்கள் அவர் காலத்திலே பல்லாயிரக்கணக்கில் இந்நூலகம் வந்து சேர்ந்தன. 1945இல் தோல்வி நெருங்கியபொழுது ஹைகல் தற்கொலை செய்துகொண்டார். பிக் மீண்டும் தலைவரானார். வந்த நூல்கள் யாவும் உரியவரிடம் திரும்பிவிடவில்லை. பல, தட்டுகளிலேயே, அழைப்பெண் இடப்பெற்று, ஒழுங்காக, மௌனமாக இருந்தன.

முழுமையான ஒழுங்கு எவ்வாறோ கொல்லும் வேட்கையாக மாறிவிடுகிறது என்ற ஐயம் மூசிலின் தளபதிக்கு நூலகத்திலேதான் தோன்றுகின்றது. அவன் அதனை ஒரு வேடிக்கையான மனிதனின் குழப்பமாகவே சொல்கிறான். 1930இல் அதனை வாசித்தவர்களும் அவ்வாறே எடுத்துக்கொண்டிருக்கலாம். எட்டு ஆண்டுகள் கழித்து மூசில், யூத குலத்தவரான தம் மனைவியுடன் வியன்னாவை விட்டு வெளியேறினார். 1942இல் ஜெனீவாவில், நாவலை முடிக்காமலே இறந்தார். நூலகத்திலே அக்காலத்தில் ஒருவருடைய வீட்டு நூல் எந்தப் பிரிவில் எந்தத் தட்டில் இடம்பெறவேண்டும் என்று கவனமாக எழுதிக்கொண்டிருந்த கையை நினைத்தால் தளபதியின் ஐயம் வேடிக்கையாகத் தோன்றாது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். இவ்வரலாற்றை இந்நூலகமே தேடி வெளிக்கொணர்ந்தது. தன் தொகுதிகளை ஆராய்ந்து 2003இல் அறிக்கை சமர்ப்பித்தது. பல்லாயிரம் நூல்களும் பிற பொருள்களும் உரிமையாளரின் வாரிசுகளுக்கு மீளக் கொடுக்கப்பட்டன. 2004இன் இறுதியிலே ‘கொள்ளையிடப்பட்ட நூல்கள்’ பற்றிய கண்காட்சி ஒன்றையும் நடத்தியது. நடத்திய இடம் எது? ஆறாம் கார்ளின் சிலை நிற்கும் இதே ஆடம்பர மண்டபம். ஒரு நிறுவனம் தன் பெருமையைப் பறைசாற்றக் கட்டிய இடத்திலேயே தன் குற்றத்தை விரித்து வைத்தமை பாராட்டத்தக்கது. உல்லாசப் பயணம் பற்றி நான் கொண்டிருந்த ஏளனத்தை இச்செய்தி சற்றே அசைத்தது. அக்கண்காட்சியைக் கண்டோரிற் பலரும் குவிமாடத்தைப் பார்க்க வந்தவர்களாகவே இருந்திருப்பர். உலாவ வந்தவன் தற்செயலாக வாசகனாவதற்கும் இடமுண்டு.

1992 நவம்பர் 27ஆந் திகதி அதிகாலையில், மண்டபத்தை அடுத்துள்ள அரண்மனை நடன மண்டபங்களில் தீப்பற்றியது. தீ இங்கும் தாவிவிடும் என அஞ்சி, நூல்களைக் கைக்குக் கை மாற்றி வெளியேற்றினர். தீ நூலக மண்டபத்தை எட்டவில்லை. இச்செய்தியை அறிந்தபொழுது, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எவரும் எதனை நினைப்பாரோ அதனையே நானும் நினைத்தேன். 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், கைக்குக் கை மாற்ற எவரும் இருக்கவில்லை. ஏறத்தாழ 97,000 நூல்களும், அவற்றோடு மீளப் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. போர் ஓய்ந்தபின் அதற்கும் உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கினர். வெண்ணிறக் குவிமாடத்தின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். வியன்னாவிலே பயணி காண்பது திறக்கப்படாத நூல்களை. யாழ்ப்பாணத்திலே அவன் காண வருவது இல்லாத நூல்களை. அவனை அங்கு கண்டு சினமுற்ற நண்பர்களை நான் அறிவேன். அச்சினத்தில் எனக்கும் பங்கிருந்தது. வாசிக்கும் மாணவர்களின் அமைதியைக் குலைத்துக் கூட்டமாய் வருவோரைக் கட்டுப்படுத்துதல் நியாயமே. ஆயினும் வியன்னாவிலே கயிற்றுக்கு இப்பால் நின்ற எனக்கு, அவனை முற்றாகக் கண்டிக்கும் உரிமை குறைந்துவிட்டது போலத் தோன்றியது. நானும் பிறர் நகரத்து நூலகத்தின் முதுகைப் பார்க்கக் கட்டணம் செலுத்தியவனே.

இக்காலத்தவர் ஒரு மறுப்புக் கூறக்கூடும். இந்நூலகத்தின் பழைய நூல்களை மின்வடிவாக்கும் பொருட்டு 2010இல் கூகிள் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஏறத்தாழ 600,000 நூல்கள் அத்திட்டத்தில் அடங்கும். மண்டபத்து நூல்களும் அவற்றுட் சேரும். பேராதனையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் மாணவன், வியன்னா செல்லாமலே, செந்நிறத் தோலுக்குள் இருக்கும் பக்கங்களைத் திரையிலே வாசிக்கலாம். அப்படியாயின் முதுகு, நிறம், கயிறு என்றெல்லாம் புலம்புவதேன்?

மறுப்பு வலிமையுடையது. இலத்தீனையும் ஜேர்மனையும் அறிந்த மாணவன் நம்மிடையே எத்தனை பேர் என்ற கேள்வியை இப்போதைக்கு ஒருபுறம் வைப்போம். கட்டணமின்றி வாசிக்கலாம் என்ற பழைய விதி, அதன் வால் அறுக்கப்பட்டு, இப்பொழுதுதான் நிறைவேறியுள்ளது என்றுகூடச் சொல்லலாம். திரைக்கு முன்னே ஏவலாளனும் சோம்பேறியும் தடுக்கப்படுவதில்லை. ஆனால் இதனால் நேர்ந்துள்ள பிரிவினையைக் கவனிக்கவேண்டும். பயணிக்கு உடல் கிடைத்தது, எழுத்துக் கிடைக்கவில்லை. திரை வாசகனுக்கு எழுத்துக் கிடைத்தது. அது எவர் வீட்டிலிருந்து, எந்த மடத்தைக் கலைத்தபோது, எந்தப் போரின் பின் இங்கு வந்தது என்பதைச் சொல்லும் உடல் கிடைக்கவில்லை. இரண்டாம் யோசெப் மன்னன் துறவு மடங்களைக் கலைத்தபொழுது வந்த நூல்களும் உள்ளன. அவற்றில் முன்னைய உடைமையாளரின் அடையாளங்களும் இருக்கும். பறிக்கப்பட்ட நூல்களின் உரிமையாளரைக் கண்டுபிடிக்க உதவியவையும் இத்தகைய சிறு அடையாளங்களே: அட்டையின் உட்புறத்துக் கையெழுத்து, ஒட்டுச்சீட்டு, முத்திரை. எழுத்தைமட்டும் நூல் என்று கொண்டால் நீதியின் சான்றுகளிலே பாதியை இழந்துவிடுவோம்.

மண்டபத்தை விட்டு வெளியேறிய மறுநாள், வீரர் சதுக்கப் பக்கமாகச் சென்றேன். நூலகத்தின் இக்கால வாசிப்பறைகள் அங்கே, அரண்மனையின் புதிய பகுதியிலே, 1966இல் திறக்கப்பட்டவை. ஹிட்லர் நின்று பேசிய மேன்மாடமும் அக்கட்டடத்தினுடையதே. அதற்குக் கீழே மாணவர்கள் துவிச்சக்கரவண்டிகளைச் சாத்திவிட்டு உள்ளே போய்க்கொண்டிருந்தனர். ஒருநாளுக்குரிய வாசகர் அட்டை பெற்று நானும் சென்றேன். அறையில் ஓவியமில்லை, பளிங்கில்லை. மேசைகள், விளக்குகள், தலை குனிந்தோர். மூசிலின் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பை, 1954இல் வெளிவந்த இரண்டாந் தொகுதியை, கேட்டு எழுதிக்கொடுத்தேன். நூறாவது அத்தியாயத்தை அது நிகழ்ந்த இடத்திலேயே வாசிக்கவேண்டும் என்பது என் ஆசை. உல்லாசப் பயணியின் ஆசைதான், மறைப்பானேன்.

காத்திருக்கச் சொன்னார்கள். நூல் வந்தபொழுது அதனைக் கொணர்ந்து கொடுத்தவர் வயதான ஓர் ஊழியர். எனக்கு முன்னே அதனை வாங்கி வாசித்தவர் யாராயிருக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் அடுத்த மேசைக்குச் சென்றுவிட்டார்.